பிரஷ்ஷின் மேல் பழி போடாதீர்கள்

புது வீட்டில் கொத்து வேலையும் தச்சு வேலையும் முடிந்து, தேக்குக் கதவுகளுக்கு என்ன பூசுவது என்ற பேச்சு எழும்போது, எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது. “பி.யூ. அடிச்சிடலாம் சார். ஸ்ப்ரேல அடிச்சா கண்ணாடி மாதிரி நிக்கும்” என்கிறார் பாலிஷ் வேலை எடுப்பவர். பி.யூ. என்று அவர் சொல்வது தின்னர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பூச்சு. தண்ணீர் கலந்து அடிக்கிற மரப்பூச்சு இப்போது கிடைக்கிறதே, அதைப் பிரஷ்ஷாலேயே அடித்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டால், மறுப்பு இன்னும் உறுதியாக வருகிறது. “வாட்டர் பேஸ் மரத்துக்கு ஆகாது. அதையும் பிரஷ்ல போட்டா கோடு கோடா தெரியும், நுரை கட்டும், நார் எழும்பும். ரெண்டு மழைக்கு மேல தாங்காது.” உள் அலங்காரம் செய்து தருபவர்களும் இதையே சொல்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் டப்பாவை எடுத்துக் கொடுப்பவரும் இதையே சொல்கிறார்.

இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதால் மட்டும் ஒரு விஷயம் உண்மையாகிவிடாது. இந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றிரண்டு அரை உண்மை. மற்றவை பொருளின் இயல்பு தெரியாமல் சொல்லப்படுபவை. எண்ணெய் வார்னிஷிலும் தின்னர் பூச்சிலும் பழகிய கை, அதே பிரஷ்ஷோடும் அதே வேகத்தோடும் புதிய பொருளைத் தொடுகிறது. வேலை கெடுகிறது. பழி பொருளின் மேலும் பிரஷ்ஷின் மேலும் விழுகிறது. நம் வீடுகளின் உட்புற மரவேலைக்குத் தண்ணீர்ப் பூச்சைக் கையால் பூசுவதே பெரும்பாலும் சரியான வழி என்பது என் வாதம். அதை மறுத்துக்கொண்டே இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

தண்ணீரில் கலந்தது தண்ணீர் பட்டால் போய்விடும் என்ற பயத்திலிருந்து தொடங்குவோம். அந்த டப்பாவுக்குள் ரெசின் தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் ரெசின், கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளாகத் தண்ணீருக்குள் மிதக்கிறது. பூச்சு பால் போல வெளுத்திருப்பது அதனால்தான். மரத்தில் தடவியதும் தண்ணீர் முதலில் ஆவியாகிறது. துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று முட்டுகின்றன. கூடவே சிறிதளவு இருக்கும் கிளைக்கால் ஈதர் போன்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பான் அந்தத் துளிகளை இளக்கி ஒன்றாக இணைய வைக்கிறது. பிறகு அதுவும் வெளியேறிவிட, ஒரே படலம் மிஞ்சுகிறது. தண்ணீர் இங்கே ரெசினைச் சுமந்து வரும் வாகனம் மட்டுமே. இணைந்துவிட்ட படலம் மறுபடி தண்ணீர் பட்டதும் துளிகளாகப் பிரிவதில்லை.

இதற்கான சாட்சி, நம்ப மறுக்கும் ஆசாரியின் கையிலேயே இருக்கிறது. 1959 முதல் இந்தியத் தச்சுப் பட்டறைகளில் புழங்கும் ஃபெவிகால், தண்ணீரில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட் பசைதான். டப்பாவில் வெள்ளை, காய்ந்தால் நிறமில்லை. கட்டில், அலமாரி, கதவு என்று வீட்டு மரவேலை முழுவதையும் அதை நம்பி ஒட்டுகிறோம். சாதாரண ஃபெவிகால் நாள்பட்ட ஈரத்தில் இளகும் என்பது உண்மைதான். மரப்பூச்சில் இருக்கும் அக்ரிலிக், யூரிதேன் ரெசின்கள் அதைவிட நன்றாகத் தண்ணீரைத் தாங்குபவை. சுவரைப் பாருங்கள். அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் பெயின்ட்டுக்கான அக்ரிலிக் எமல்ஷனை 1953-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த எமல்ஷன்தான் இன்று நம் வீட்டு வெளிச்சுவரில் ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதுவும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடித்ததுதான். ஸ்வீடனின் மால்மோ நகரத்து போனா நிறுவனம் 1970-களின் இறுதியிலேயே மரத்தளங்களுக்குத் தண்ணீர்ப் பூச்சைக் கொண்டுவந்துவிட்டது. கூடைப்பந்து ஆடும் மரத்தளங்களுக்கு இன்று இவ்வகைப் பூச்சு பரவலாகப் பயன்படுகிறது. ஷூ போட்ட கால்கள் ஓடித் திரும்பும் தரையில் நிற்பது, நம் படுக்கையறைக் கதவில் நிற்காதா?

பிறகு ஏன் சிலர் வீட்டில் உரிந்தது? பெரும்பாலும் அவசரம்தான் காரணம். தொட்டால் ஒட்டாத நிலைக்கு இது அரை மணியில் வந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம். ஆனால் படலம் முழுமையாக இறுக இரண்டு மூன்று வாரம் வேண்டும். கை வைத்துப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று மறுநாளே மேசை மேல் சூடான பாத்திரத்தை வைப்பதும், கிரகப்பிரவேசத்துக்கு ஈரத்துணி போட்டுத் துடைப்பதும் இறுகாத படலத்தைச் சிதைக்கின்றன. தேக்கில் இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் தாமதிக்காமல் முதல் கோட் போட வேண்டும். இதைச் செய்யாமல் அடித்தால் பூச்சு சரியாகப் பிடிக்காது.

“எண்ணெய்ப் பூச்சு மரத்துக்குள் இறங்கிக் காக்கும், வாட்டர் பேஸ் மேலாகத்தான் நிற்கும்” என்பது அடுத்த வாதம். மரத்தைக் காப்பது பெரும்பாலும் மேலே நிற்கும் படலம்தான். வார்னிஷ் ஆனாலும் பி.யூ. ஆனாலும் அப்படித்தான். உள்ளே இறங்குவதே பாதுகாப்பு என்றால் ஆளி விதை எண்ணெயை மிஞ்ச எதுவும் இருக்கக்கூடாது. ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் அந்த எண்ணெய் மிகவும் பலவீனமானது என்று அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எந்தப் பூச்சும் காற்றின் ஈரத்தை முழுதாக நிறுத்திவிடாது என்பதும் அங்கே தெளிவாயிற்று. மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் இறுகுவதற்கு இது பொருந்தும். அங்கே பூச்சின் வகையைக் குறை சொல்வதைவிட, கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் யாராவது பூசினார்களா என்று பார்ப்பது நல்லது. பல வீடுகளில் அந்த இரண்டு இடமும் வெறும் மரமாகவே இருக்கும்.

நார் எழும்புவது உண்மை. தண்ணீர் பட்டால் மரத்தின் மேல் நார்கள் உப்பி நிமிரும், கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் இது தெரிந்த விஷயம், எளிதில் தீரும் விஷயம். பூசுவதற்கு முன்பே ஈரத்துணியால் மரத்தை ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். எழும்ப வேண்டிய நார் அப்போதே எழும்பிவிடும். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாக நீவினால் அது போய்விடும். முதல் கோட் காய்ந்தபின் 320 நம்பரில் இன்னொரு நீவல். எந்தப் பூச்சானாலும் முதல் கோட்டுக்குப் பின் உப்புத்தாள் போடாமல் நல்ல வேலைக்காரர் யாரும் விடுவதில்லை. அப்படியிருக்க, இதை மட்டும் குறையாக எண்ணுவது நியாயமில்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கோட்டுக்கு இடையே இரும்புக் கம்பிப் பஞ்சு போடக்கூடாது. உதிரும் துகள் நாரில் சிக்கி, அடுத்த கோட்டின் ஈரத்தில் துருப்புள்ளியாகிவிடும்.

இப்போது எல்லாரும் கைநீட்டிக் காட்டும் பிரஷ் கோட்டுக்கு வருவோம். இந்தக் கோடு மூன்று இடத்திலிருந்து பிறக்கிறது. முதலாவது பிரஷ். கடையில் வார்னிஷ் பிரஷ் என்று கேட்டால் பன்றிமுடி பிரஷ்ஷை எடுத்துத் தருகிறார்கள். எண்ணெய் வார்னிஷுக்கு அது அருமையானது. தண்ணீர்ப் பூச்சில் தோய்த்தால் முடி தண்ணீரைக் குடித்துத் துவண்டு, நுனி விரிந்து, தனித்தனிக் கற்றையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கற்றையும் ஒரு கோடு போடுகிறது. இதற்கு வேண்டியது நுனி மெலிந்த நைலான் அல்லது பாலியஸ்டர் இழை பிரஷ். அது தண்ணீரில் விறைப்பு மாறாது.

இரண்டாவது, கையின் பழக்கம். எண்ணெய் வார்னிஷ் நெடுநேரம் ஈரமாக நிற்கும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து விட்ட இடத்தை இழுத்துவிட்டாலும் அது தானாகச் சமனாகிக்கொள்ளும். தண்ணீர்ப் பூச்சு நம் வெயிலில் சில நிமிடங்களிலேயே இழுபட ஆரம்பித்துவிடும். இழுபட ஆரம்பித்த இடத்தில் மறுபடி பிரஷ் வைத்தால் அந்தத் தடம் நிரந்தரம். மூன்றாவது, சுற்றுப்புறம். மின்விசிறியைச் சுழலவிட்டு, சன்னலைத் திறந்து வைத்து, நண்பகல் வெயில் விழும் கதவில் பூசினால் எந்தக் கை பூசினாலும் கோடு நிற்கும்.

சரியாகச் செய்தால் எப்படி நடக்கிறது என்பதை ஒரு படுக்கையறைக் கதவை வைத்துப் பார்க்கலாம். கதவைக் கீலிலிருந்து கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்தால் வேலை எளிது, முடியாவிட்டால் நின்றபடியே பூசலாம். காலை நேரம், விசிறி நிறுத்தியாயிற்று, தூசி ஈரத்துணியில் துடைத்தாயிற்று. டப்பாவைக் குலுக்கக்கூடாது. குலுக்கினால் அங்கேயே நுரை பிறந்துவிடும். தட்டையான குச்சியை அடிவரை விட்டு மெதுவாகக் கிளற வேண்டும். மேட் பூச்சானால் மினுக்கைக் குறைக்கும் சிலிக்கா தூள் அடியில் படிந்திருக்கும், அது மேலே வரும்வரை கிளற வேண்டும். தேவையான அளவை மட்டும் நைலான் துணியில் வடிகட்டி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரஷ்ஷை முதலில் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, இழையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பூச்சில் தோய்க்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் வழித்தால் காற்று புகுந்து குமிழி வரும். உட்சுவரில் இரு பக்கமும் மெல்லத் தட்டினால் போதும்.

முதலில் நடுப் பலகைகள், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நெட்டுச் சட்டங்கள். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பு வந்து சேர்ந்துவிடும். பூச்சை மரத்தில் அழுத்தித் தேய்க்காமல், ரேகையின் போக்கில் நீளமாகப் படுக்க வைக்க வேண்டும். ஒரு பட்டை, அதை லேசாக மேவி அடுத்த பட்டை. ஒரு பலகை முடிந்ததும், பூச்சு எடுக்காத பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, நுனி மட்டும் படும்படி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. அதோடு கையை எடுத்துவிட வேண்டும். விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் அடுத்த கோட்டுக்கு விட்டுவிட வேண்டும். பூசிய உடனே பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மெல்லிய வரிகளும் ஊசிமுனைக் குமிழிகளும் தெரியும். பூச்சு மெல்லியதாக இருந்தால் குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும், வரிகள் தளர்ந்து ஒன்றுக்குள் ஒன்று இறங்கும், பால் வெண்மை விலகி மரத்தின் ரேகை மேலே வரும். கெட்டியாக அப்பியிருந்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து குமிழியை உள்ளேயே சிறைப்பிடிக்கும். கடும் வெயில் காலத்தில் தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் சேர்த்தால் பூச்சு சமனாக இன்னும் நேரம் கிடைக்கும். மூன்று மெல்லிய கோட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நீவல், உட்புறக் கதவுக்கு அவ்வளவுதான் தேவை. இதில் எதற்கும் அரிய திறமை வேண்டாம், பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் மனம் வேண்டும்.

நிறம் பற்றிய புகார் நியாயமானது. தண்ணீர்ப் பூச்சு நிறமற்றது. எண்ணெய் வார்னிஷ் பூசியதும் தேக்குக்கு வரும் பொன்னிறச் சூடு இதில் வராது. கரிய மரத்தில் கொஞ்சம் வெளிறியும் தோன்றும். இதற்கு வழி நம் கைவேலை மரபிலேயே இருக்கிறது. மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கோட்டாக ஒரு முறை பூசினால் அந்தச் சூடு வந்துவிடும். அதன்மேல் தண்ணீர்ப் பூச்சு நன்றாகப் பிடிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையையும் நார் எழும்புவதையும் அதுவே தடுத்துவிடும். வெளிர் மரத்தை அதன் இயல்பான நிறத்திலேயே பார்க்க விரும்புகிறவருக்கு நிறமின்மை ஒரு வரம். எண்ணெய் வார்னிஷ் ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நல்ல அக்ரிலிக் பூச்சு அப்படி ஆவதில்லை.

“கையால் பூசுவது பழைய காலத்து வேலை, ஸ்ப்ரேதான் தொழில்” என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. இந்த நாட்டில் மரவேலையின் உச்சமாகக் கொண்டாடப்படும் ஃபிரெஞ்சு பாலிஷ் எந்த கன்னால் அடிக்கப்பட்டது? பஞ்சைத் துணியில் சுற்றி, ஷெல்லாக்கைத் தோய்த்து, மணிக்கணக்கில் கையால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மினுக்கு அது. கைவேலையின் மேல் நமக்கு இருந்த நம்பிக்கையைக் கம்பிரசர் வந்த பிறகு இழந்துவிட்டோம். அந்த ஃபிரெஞ்சு பாலிஷின் மேல் தண்ணீர் நின்றால் வெள்ளை வளையம் விழும், சூடான டபராவை வைத்தால் இளகும். அதை நாம் பொருளின் குணம் என்று ஏற்றுக்கொண்டோம். அந்தப் பொறுமையைத் தண்ணீர்ப் பூச்சுக்குக் கொடுக்க ஏன் மறுக்கிறோம்?

ஸ்ப்ரேயின் இடம் எது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் ஒரே அளவுப் பலகைகளை நூற்றுக்கணக்கில் பூசும்போதும், நெருக்கமான செதுக்கு வேலையிலும், பளிங்கு போன்ற மினுக்குக் கேட்கப்படும்போதும் ஸ்ப்ரேயை மிஞ்ச முடியாது. ஆனால் அங்கே காற்றை இழுக்கும் விசிறியோடு தனி அறை இருக்கிறது, இருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்துக்குப் பத்து அறையில், நியூஸ்பேப்பர் ஒட்டிய சன்னலுக்குள், முகத்தில் கைக்குட்டை கட்டிய இளைஞர் ஒருவர் தின்னர் கலந்த பூச்சைப் பனியாக அடிக்கிறார். அடிப்பதெல்லாம் மரத்தில் சேர்வதும் இல்லை. குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நல்ல கன்னிடம் கலிஃபோர்னியக் காற்றுத்தர விதிகள் எதிர்பார்ப்பதே 65 சதவீதம்தான். சாதாரண கன்னில் பாதிக்கு மேல் காற்றில் போகிறது. அந்தக் காற்றைத்தான் அவர் சுவாசிக்கிறார்.

தின்னரில் டொலுவீனும் சைலீனும் இருக்கின்றன. கைக்குட்டையும் சாதாரணத் தூசி முகமூடியும் இவற்றின் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி நிரப்பிய வடிகட்டி வேண்டும். டொலுவீன் சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கப் போதுமான ஆவியை வெளிவிடும். நம் ஊர் அறைகளில் எந்நேரமும் அதைவிட மிக அதிகமான வெப்பம் இருக்கிறது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ.வின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்குப் பேர்போன காரணங்களில் அது ஒன்று. பெயின்டர் தொழிலில் ஏற்படும் பாதிப்பை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1989-இலேயே முதல் பிரிவில் வகைப்படுத்தியது. லாஸ் ஏஞ்சலிஸ் 1966-இல் கரைப்பான் ஆவிக்கு விதி போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் சட்டம் கொண்டுவந்து, 2010 முதல் மர வார்னிஷில் ஆவியாகும் கரிமப் பொருள் லிட்டருக்கு 400 கிராமைத் தாண்டக்கூடாது என்றது. தண்ணீர்ப் பூச்சுக்கு அந்த வரம்பு 130 கிராம். தண்ணீர்ப் பூச்சு முற்றிலும் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. அதிலும் கரைப்பான் உண்டு, பூசி முடிந்ததும் சன்னலைத் திறந்து காயவிட வேண்டும், உப்புத்தாள் தூசிக்கு முகமூடி போட வேண்டும். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு தொழிலாளியின் நுரையீரலுக்கு மிகப் பெரியது. பிரஷ்ஷால் பூசும்போது அதைப் பனியாக்கிக் காற்றில் விடுவதும் இல்லை. கண்ணாடி மினுக்கு வேண்டும் என்று கேட்கும் நாம், அதற்காக இன்னொருவர் எதைச் சுவாசிக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

எல்லைகளைச் சொல்லாமல் வாதாடுவது நேர்மையில்லை. மேற்கு வெயிலும் மழையும் நேரே விழும் தலைவாசலுக்கு உட்புறப் பூச்சு ஆகாது. வெளிப்புறத்துக்கென்று செய்த பூச்சைத்தான் வாங்க வேண்டும், அதையும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சூடான பாத்திரமும் எண்ணெயும் ஓயாமல் படும் சமையலறை மேசைக்குச் சாதாரண ஒற்றை டப்பா பூச்சு போதாது. மெழுகோ சிலிகானோ ஏறிய பழைய மரத்தில் பூச்சு குழிகுழியாக விலகும், முதலில் அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். அடைமழை நாளில் தண்ணீர் ஆவியாகத் தாமதமாகும், அன்று பூசாமல் இருப்பதே நல்லது. இவை எல்லாம் வேலையைத் தெரிந்து செய்யச் சொல்லும் காரணங்கள். வேலையையே ஒதுக்கிவிடச் சொல்லும் காரணங்கள் இவற்றில் ஒன்றும் இல்லை.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்ப்ரேயா பிரஷ்ஷா என்று வேலை எடுப்பவர் முடிவு செய்ய விடாதீர்கள். உட்புறக் கதவுக்கும் அலமாரிக்கும் தண்ணீர்ப் பூச்சைப் பிரஷ்ஷால் பூசச் சொல்லிக் கேளுங்கள். கண்ணில் படாத ஒரு அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் முதலில் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். பாலிஷ் வேலை செய்பவர்கள் பன்றிமுடி பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு, ஒரு நைலான் பிரஷ்ஷோடு ஒரு கதவை முழுதாக முடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். தண்ணீர்ப் பூச்சு டப்பாவை விற்கும் கடைக்காரர் அதற்குரிய பிரஷ்ஷையும் பக்கத்திலேயே வைக்கட்டும். ஐடிஐ-களில் தச்சும் பெயின்டும் கற்பவர்கள் இந்தப் பூச்சைக் கையால் பூசிப் பழகித்தான் வெளியே வர வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு வாரமே போதுமான ஒரு வேலையை முடியாது என்று சொல்லிச் சொல்லி, ஒரு தலைமுறைத் தொழிலாளிகளைத் தின்னர் புகைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை நிறுத்திக்கொள்வதற்கு ஒரு நல்ல பிரஷ்ஷின் விலைக்கு மேல் யாருக்கும் செலவாகப் போவதில்லை.